கை நம்முடையது, வினை யாருடையது?

தோலைத் தொட்டால் தீட்டு. தோலில் செய்த பையைத் தொட்டால் அந்தஸ்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கை கெடக்கு. அந்தக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாமாவது பேசுவோம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது தோல்வேலை ஒரு கலையாகிவிட்டது. 'கையால் செய்தது' என்று சின்ன அட்டை கட்டித் தொங்கவிட்ட பணப்பை சில ஆயிரத்துக்குப் போகிறது. சனி, ஞாயிறுகளில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. கட்டணம் கட்டி வந்து உட்கார்ந்து துளை போடவும் நூல் இழுக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். மனசுக்கு அமைதியா இருக்குன்னு சொல்றாங்க. நல்லா இருக்கட்டும். கற்றுக்கொள்கிறவர்கள் மேல் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த வேலையையும் கற்கலாம் என்பதுதானே நம்ம கட்சி!

ஆனால் பேருந்து நிலைய வாசலில் கிழிந்த குடைக்குக் கீழே இரும்புக்காலை நட்டு உட்கார்ந்திருக்கிறவரும் அதே குத்தூசியால்தான் துளை போடுகிறார். அதே மெழுகு நூலைத்தான் இழுத்து இறுக்குகிறார். குளிரூட்டிய அறையில் இருக்கிறவர் 'கைவினைஞர்'. குடைக்குக் கீழே இருக்கிறவர் 'செருப்புத் தைக்கிறவன்'. ஒருவருக்கு 'ர்', இன்னொருவருக்கு 'ன்'. தமிழ் இலக்கணத்தில் இதைப் பால் விகுதி என்பார்கள். நாம் இதைச் சாதி விகுதி என்கிறோம்.

இந்த விகுதி எப்படி வந்தது என்பதற்குக் கொங்கு மண்ணின் கிணறுகளை எட்டிப் பார்த்தால் போதும். மழை குறைந்த கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி அது. ஆழக் கிணற்றுத் தண்ணீர்தான் அதற்கு உயிர். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கமலை. மாடு இழுத்தது, கவுண்டர் தோட்டம் விளைந்தது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எதில் வந்தது? மாதாரி பதனிட்டு, வெட்டி, தைத்துக் கொடுத்த தோலில் வந்தது. சாலும் தும்பியும் வாரும் ஒழுகாமல் இருந்தால்தான் பாசனம். ஒரு தையல் விட்டால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும். தண்ணீரின் எடையைத் தாங்கி, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, மாசக்கணக்கில் உழைக்கிற தோலைத் தயாரிப்பது சும்மாவா? அது ஒரு பொறியியல். அந்தப் பொறியாளருக்குக் கொடுத்தது களத்தில் அளந்து போட்ட தானியமும், செத்த மாட்டின் மேல் ஒரு உரிமையும், வாசலுக்கு வெளியே நிற்கிற இடமும்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. கொஞ்சங் கொஞ்சமாக மோட்டார் பம்பு கிணற்றில் இறங்கியது. கமலை போயிற்று. கமலையோடு தோல்வேலையும் போயிற்று. ஒரு முழுத் தொழில்நுட்பமே ஒரு தலைமுறைக்குள் அழிந்தது. அதற்கு ஓர் அருங்காட்சியகம் உண்டா? ஒரு இரங்கல் கட்டுரை உண்டா? தொழில் போனவர்கள் அதே தோட்டத்தில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தார்கள். தொழில் போச்சு, அந்தத் தொழிலால் வந்ததாகச் சொன்ன இழிவு மட்டும் போகவில்லை. இதைக் கவனிக்கணும் தோழர்களே. இழிவு தோலில் இருந்திருந்தால் தோலோடு போயிருக்கும். அது ஆளின் மேல் ஒட்டப்பட்டது. அதனால்தான் ஆளோடே நடந்து வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தி செருப்புத் தைக்கக் கற்றார். அவர் நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவ மடத்தில் போய்க் கற்று வந்து, 1910ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சொல்லிக் கொடுத்தார். தன் கையால் தைத்த ஒரு ஜோடியைக் காந்தி 1914ல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். ஸ்மட்ஸ் பல கோடைகள் அதைப் போட்டுக்கொண்டு, 1939ல் மரியாதையோடு திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் அந்தச் செருப்பு வரலாறு. காந்தி தைத்தது பொய்யில்லை. அவருக்கு அது எளிமை, தவம், சுயசார்பு. ஏன் அப்படி ஆக முடிந்தது? அவர் வேண்டுமென்று எடுத்தார், வேண்டாதபோது வைத்துவிட முடிந்தது. நம்ம தாத்தா தைத்த செருப்பு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அவர் ஊருக்கெல்லாம் தைத்தார். தைத்ததைத் தானே போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

ஆக, ஒரு வேலையைக் கலையாக்குவதும் இழிவாக்குவதும் எடுக்கவும் வைக்கவும் இருக்கிற உரிமைதான். நுழைகிற கதவும் வெளியேறுகிற கதவும் திறந்திருந்தால் அது கைவினை. ஒரு கதவு பூட்டியிருந்தாலும் அது சிறை. சிறைச் சுவரில் பூ வரைந்து அதைக் கலைக்கூடம் என்று பெயர் மாற்றினால் நாம் ஏமாறப் போவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936ல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத்தான் விளக்கினார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்றார். பலரும் இந்தப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் மேலும் போகிறார். பிறப்பால் தலையில் கட்டிய வேலையில் மனிதனின் மனசும் ஒட்டாது, மூளையும் ஒட்டாது. வெறுப்புதான் வளரும் என்கிறார். தன் வேலையை நேசிக்கிற உரிமையும் பறிக்கப்பட்டது என்பதுதான் இதன் பொருள். நிலம் பறித்தான், தண்ணீர் பறித்தான், கோயில் பறித்தான் என்று பட்டியல் போடுகிறோம். நல்லா ஒரு வார் அறுத்துவிட்டு, 'ஆகா, என்ன நேரா வந்திருக்கு' என்று தன் கையைத் தானே பார்த்துச் சந்தோசப்படுகிற அந்த ஒரு நிமிசத்தையும் பறித்தான். அதையும் பட்டியலில் சேர்ப்போம்.

அப்படியானால் தோலை விட்டுவிட வேண்டியதுதானா? விடுவதற்கு முழு உரிமையும் நியாயமும் உண்டு. 1927ல் மகாடில் கூடியபோது செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடச் சொன்னார் அம்பேத்கர். 2016 சூலையில் குசராத்தின் ஊனா பகுதியில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள் நம் மக்கள். 'உங்க மாதா, நீங்களே எடுங்க' என்பதே அதன் சேதி. இனி இந்த வேலை செய்யமாட்டோம், நிலம் கொடு என்று உறுதிமொழி எடுத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். 'எங்க பசங்க கையில திரும்பவும் குத்தூசியைக் கொடுக்கப் பாக்குறீங்களா?' என்று ஒரு அருந்ததியத் தாய் கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கைவினைப் பேச்சும் நிற்காது. 2009ல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அந்த வகை உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அந்தத் தாயின் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு. அதில் முதலில் நுழையட்டும்.

ஆனால் இன்னும் தோலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விருப்பப்பட்டு உட்காருகிற இளைஞர்களும் வருகிறார்கள். அவர்களிடம் போய் 'விடு, விடு' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது இயக்க வேலையாகாது. விட்டவரும் நம்மவர், விடாதவரும் நம்மவர். விடாதவர் எப்படிச் சாப்பிடுவார்? இந்தக் கேள்விக்குக் கொள்கை மட்டும் போதாது. கணக்கும் வேண்டும்.

கணக்குப் போடுவோம். ஒரு உதாரணத்துக்குத்தான் வைத்துக்கொள்வோம். பூவும் கொடியும் அழுத்திய ஒரு இடுப்பு வார். தோல் 250 ரூபாய், கொக்கி 60, சாயமும் நூலும் மெழுகும் 40. ஆக 350. கருவித் தேய்மானம், இடத்து வாடகை, வெட்டும்போது வீணாகும் தோல் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 450. வேலை நேரம் 4 மணி. கடைக்காரர் 500க்குக் கேட்கிறார். நம்ம ஆள் 350ஐ மட்டும் செலவாக நினைத்து, 150 லாபம் என்று கொடுத்துவிடுகிறார். உண்மையில் அவர் கைக்கு வந்தது 4 மணி நேரத்துக்கு 50 ரூபாய். மணிக்கு 100 ரூபாய் தன் கூலி என்று வைத்திருந்தால் அந்த வாரின் விலை 850. 850 சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? தலைமுறை தலைமுறையாக நம் நேரத்துக்கு விலை போட்டதில்லை. தானியத்துக்கு உழைத்தவனுக்கு மணிக்கணக்கு ஏது? தோலுக்கு விலை உண்டு, கொக்கிக்கு விலை உண்டு, கைக்கு மட்டும் விலை இல்லை என்று நம்மையே நம்ப வைத்திருக்கிறார்கள். அதே வாரை 850க்கு அல்ல, இரண்டாயிரத்துக்கு விற்கிற கடை, முதலில் எழுதுவது தன் நேரத்தின் விலையைத்தான்.

இரண்டாவது, தோல். பூ வேலைப்பாட்டுக்கு எந்தத் தோலும் உதவாது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். அதை ஈரமாக்கி, கோட்டைக் கத்தியால் கீறி, அச்சை வைத்துச் சுத்தியால் தட்டினால் பள்ளம் அப்படியே நிற்கும். காய்ந்த பிறகும் நிற்கும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். அழுத்தினால் திரும்ப எழும்பிவிடும். ஷூவுக்குப் பெரும்பாலும் குரோம் தோல்தான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவதில் தமிழகம் உலகத்துக்கே பேர் போனது. திண்டுக்கல், ஈரோடு, ராணிப்பேட்டை என்று இந்த மண்ணின் தோல் கப்பலேறிப் போயிற்று. ஆனால் இங்கே ஒரு தனி ஆள் தன் ஒரு வார வேலைக்கு இரண்டு சதுர அடி நல்ல தோல் கேட்டால் ஆலைக்காரர் சிரிப்பார். மொத்தமாகத்தான் கொடுப்பார். மீதி ஆட்கள் பெரியமேட்டுக் கடைகளில் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். தோலை உரித்ததும் நாம், ஊற வைத்ததும் நாம், சுண்ணாம்புக் குழியில் இறங்கியதும் நாம். நல்ல தோலை வாங்க மட்டும் நமக்கு வழி இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் இதன் பெரிய வடிவம் தெரியும். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் ஷூக்களின் மேல்தோலைக் கையால் தைக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று சில ரூபாய்க்குத் தைக்கிறார்கள். ஆலைச் சம்பளப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. காப்பீடு இல்லை, கழுத்து வலிக்கு மருந்து இல்லை. அந்த ஷூவின் விளம்பரத்தில் 'கைத்தையல்' என்பதுதான் பெருமை! கைத்தையலுக்கு விலை இருக்கிறது. தைத்த கைக்கு இல்லை.

விலை பேச வேண்டுமானால் பெயர் வேண்டும். இதற்குக் கோலாப்பூர்ச் செருப்பு ஒரு பாடம். மராட்டிய, கன்னட எல்லையில் தலித் குடும்பங்கள் தைத்து வரும் செருப்பு அது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 சூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதே சாயலில் செருப்பைக் காட்டியது. கோலாப்பூர் என்ற சொல்லே இல்லை. இங்கே கூச்சல் எழுந்த பிறகுதான் இந்தியச் செருப்பிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் போனார்கள், வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும், பெயரைச் சொல்லாமல் உருவத்தை எடுத்துக்கொண்டு போகிறவனை லேசில் பிடிக்காது. மேலும் அந்தக் குறியீடு இரண்டு மாநிலத் தோல் வளர்ச்சிக் கழகங்களின் பெயரில் இருக்கிறது, தைக்கிறவர் பெயரில் இல்லை. 2025 டிசம்பரில் அந்தக் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி, ஒரு ஜோடி ஏறத்தாழ 800 யூரோ என்று செய்தி வந்தது. அந்த 800ல் தைத்த கைக்கு எவ்வளவு என்ற கேள்வியை அன்றைக்குத் தலைப்பாகப் போட்ட பத்திரிகை எது? 'இந்தியாவின் பெருமை' என்று எழுதினார்கள். சாதியைச் சொல்லாத பெருமை. ஆனால் மும்பையில் சுதீர் ராஜ்பர் தன் பட்டறைக்குச் 'சமார் ஸ்டுடியோ' என்றே பெயர் வைத்தார். வசவாக இருந்த சொல்லைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். வாங்குகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பையை வாங்க முடியாது. இது ஒரு வழி. ஒரே வழி என்று சொல்லவில்லை. பெயரை மறைக்காமலும் விற்கலாம் என்பதற்குச் சாட்சி.

அரசு என்ன செய்கிறது? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. கருவிக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம். குடும்பம் வழிவழியாகச் செய்யும் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழக அரசு எழுதியது. சரியான எதிர்ப்பு. 1953ல் இராசாசி கொண்டுவந்து 1954ல் காமராசர் எடுத்த குலக்கல்வித் திட்டத்தின் வாடை அதில் அடிக்கிறது. பதினெட்டு வயசுப் பையனைக் கல்லூரி வாசலில் வழிமறித்து, 'அப்பன் தொழிலுக்குக் கடன் தர்றேன், வா' என்று கூப்பிடுவதற்குப் பெயர் உதவி இல்லை. இதற்கு மாற்றாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த வயது 35, குலத் தொழில் நிபந்தனை கிடையாது. பூட்டிய கதவு இதில் இல்லை என்பது உண்மை.

ஆனால் கடன் பிழைப்பு ஆகிவிடுமா? நான் வங்கியில் எழுத்தர். விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. தோல்வேலை செய்கிறவர் வந்தால் எங்கே முட்டுகிறது என்று சொல்கிறேன். விலைப்புள்ளி கேட்போம், சில்லறையாகத் தோல் விற்கிறவர் ரசீதே தரமாட்டார், விலைப்புள்ளி எங்கே தருவார்? தொழில் செய்யும் இடத்துக்குச் சான்று கேட்போம். நடைபாதைக் குடைக்கு என்ன சான்று? எந்திரம் வாங்கக் கடன் சுலபமாக எழுதலாம். அவருக்கு வேண்டியது எந்திரம் இல்லை. வாரா வாரம் தோல் வாங்கவும், கடைக்காரர் பணம் தரும்வரை தாக்குப் பிடிக்கவும் கைமுதல் வேண்டும். அதற்கான கட்டம் படிவத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. இன்னொன்றும் பார்க்கிறேன். 'தொழில்' என்ற கட்டத்தில் பலர் 'கூலி' என்றே எழுதுகிறார்கள். இருபது வருசத் திறமை இருக்கும். ஆனாலும் எழுத மாட்டார்கள். எழுதினால் சாதி தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் கூச்சமில்லாமல் 'தோல் கலைஞர்' என்று எழுத முடிகிற நாள்தான் திட்டம் வென்ற நாள்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை வேறு. மாவட்டத்துக்கு ஒரு தோல் கிடங்கு. இரண்டு சதுர அடியும் ரசீதோடு கிடைக்க வேண்டும். வெட்டவும் தோலைச் சீவி மெலிசாக்கவும் பொதுப் பட்டறை. இதைச் செய்யத் தாட்கோவால் முடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வாங்குகிற அரசு, அந்த டெண்டரில் ஒரு பங்கைத் தைக்கிறவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒதுக்கட்டும். வீட்டில் தைக்கும் பெண்களின் பெயர் ஆலைப் பேரேட்டில் ஏறட்டும். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிண்டியில் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக் குழிப் பக்கம் மட்டும் நம் ஆட்கள் நின்றது போதும். வடிவமைக்கிற மேசையிலும் விலை போடுகிற நாற்காலியிலும் நம் பிள்ளைகள் உட்காரணும். தோல் தொழில்நுட்பம் படிக்க வெட்கப்பட வேண்டியதில்லை, விரும்பினால். விரும்பாவிட்டால் வானியல் படியுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த முறை அறுந்த வாரைத் தைக்கக் கொடுக்கும்போது பேரம் பேசாதீர்கள். 'அண்ணே, எவ்வளவு நேரமாச்சு?' என்று கேளுங்கள். அவர் நேரத்துக்கு விலை உண்டு என்பதை அவருக்கு முதலில் சொல்கிற ஆள் நீங்களாக இருக்கலாம். அப்புறம் அவரைச் சங்கத்துக்குக் கூப்பிடுங்கள். கணக்கு நோட்டோடு போங்கள். வெறும் முழக்கத்தோடு போனால், 'சரி தம்பி, செருப்பை எடு, அடுத்த ஆள் நிக்குது' என்பார். அதுவும் நியாயம்தான்.